உடனே வந்த பதில்

டாக்டர் சந்தேலின் பதில் இன்று உடனே வந்தது.

அது சரியில்லை என்று அங்மோவுக்குப் பட்டது. இமயமலையின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால், அவள் ஒருத்தி நடத்தும் சுகாதார நிலையத்துக்கு டாக்டர் என்பது மேசைமேல் இருக்கும் கணினிதான். இங்கே பேசும் குரல் கூரைமேல் உள்ள டிஷ் ஆன்டெனாவிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, சமவெளி மருத்துவமனையில் இறங்க வேண்டும். பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். அந்தத் தொலைவை யாராலும் சுருக்க முடியாது. அதனால் கேள்வி கேட்டால் ஒரு மூச்சு நேரமாவது காத்திருந்துதான் பதிலைக் கேட்க முடியும்.

பனி கொட்டும் நாட்களில் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் இணைப்பு அறுந்துவிடும். இன்றும் திரை கறுப்புதான்.

கட்டிலில் ரிக்சின் படுத்திருந்தான். சாலையில் பனி தள்ளும் வண்டியின் டிரைவர். நெஞ்சுச் சளி முற்றி மூச்சுத் திணறியும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தவன்.

"பெட்டிக்குள்ள இருக்கிற ஆளுகிட்ட வைத்தியமா? ஜுரம் எனக்கா, ரேடியோவுக்கா?" என்று நக்கலடித்திருந்தான்.

"அவர் எழுதிக் குடுத்தாத்தாண்ணே ஹெலிகாப்டர் வரும். அதுவரைக்கும் உங்க உசுர நான் பிடிச்சு வைக்கணும். அவர் சொல்றத அப்படியே செய்ங்க, எதிர்க்கேள்வி வேணாம்."

பிற்பகல்தான், ஆனாலும் ஜன்னலில் பனி அப்பி அறைக்குள் சாம்பல் வெளிச்சம் தேங்கியிருந்தது, அடுப்பில் சாண வறட்டி புகைந்து தொண்டையைக் கரித்தது, ஆக்ஸிஜன் இயந்திரம் தூங்கும் மிருகம்போல ஏறி இறங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது, கூரையிலிருந்து பனிப்பாளம் சரியும் ஒவ்வொரு முறையும் யாரோ மேலே கால் மாற்றி நிற்பதுபோல மரம் முனகியது.

"நெஞ்சுல கரகரன்னு கேக்குது டாக்டர். ஆக்ஸிஜன் அளவும் குறை—"

"குறையட்டும்."

ஆக்ஸிஜன் முகமூடிக்குள் ரிக்சின் சிரித்தான். "உங்க ஆளு இன்னைக்கு பயங்கர சுறுசுறுப்பு, தங்கச்சி."

அங்மோ சிரிக்கவில்லை. குரல் அவருடையதுதான். அதே கரகரப்பு, அதே சலிப்பு. செயற்கைக்கோள் வழி வரும் குரலில் எப்போதும் இருக்கும் தகர ஓசை மட்டும் இல்லை. ஓர் அறைக்குள் ஒருவர் பேசினால் எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்டது.

"டாக்டர், லைன் எப்படி—"

"உதடு நீலமாயிட்டு வருது, பாரு."

பார்த்தாள். நீலம் படர்ந்துகொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை. படமும் அவருக்குப் போகவில்லை.

"முகமூடியை எடுத்துடு."

"எடுத்தா மூச்சு நின்னு—"

"எடுத்துடு."

இணைப்பைத் துண்டிக்கத் திரையைத் தொட்டாள். துண்டிக்க எதுவும் இல்லை. கறுப்பின் ஓரத்தில் சின்ன வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் 'இணைக்கிறது' என்ற எழுத்து. அவள் பேச ஆரம்பித்ததிலிருந்தே அது இணைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வட்டம் நின்றது. தகரக் குரல் ஒன்று விட்டுவிட்டு வந்தது.

"அங்மோ? இப்பத்தாம்மா லைன் கிடைச்சுது. பேஷன்ட் எப்படி இருக்கார்?"

"டாக்டர், இங்க யாரோ இருக்காங்க. உங்க குரல்ல பேசறாங்க. என்ன செய்யட்டும்?"

காத்திருந்தாள். அவளுடைய கேள்வி வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

கட்டிலின் தலைமாட்டிலிருந்து மற்றக் குரல் வந்தது.

"ரிக்சின். முகமூடியை எடு. வாயைத் திற."

எடுத்தான். திறந்தான்.

"வேணாண்ணே. மூடுங்க. அது டாக்டர் இல்ல."

அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. தலைமாட்டுச் சுவரைப் பார்த்தன. நல்ல நோயாளியின் பணிவோடு.

"இன்னும்."

தாடையில் எலும்பு நழுவும் சத்தம்.

முகமூடியோடு பாய்ந்தாள். அதை வைத்து மூட முடியவில்லை. வாய் முகமூடியைவிடப் பெரிதாகியிருந்தது.

"இன்னும்."

உதட்டோரம் பிரிந்தது. மோவாய் நெஞ்சைத் தொட்டது. தொண்டைக்குள் இருட்டு. அவன் மூச்சு நின்றிருந்தது. வாய் மட்டும் திறந்துகொண்டே போனது.

"இன்னும்."