இருபது கிராம் பீனட் பட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குச் சமையலறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலோரத்து நாற்காலியில் மாமனார். தையற்கடையை மூடி ஆறு வருடமாகியும் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து கழற்றாதவர். அவருக்கு எதிரே, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி மாமியார். மேசையின் தலைப்பக்கத்தில், யாரும் சொல்லாமலே, நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டின் மூத்த பெண். பக்கத்து ஊரில் ஒரு மாணவியர் விடுதிக்கு வார்டன். வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவளுடைய தம்பி உட்காரவில்லை, எடைக்கருவியின் மேல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய மனைவி, அந்த வீட்டு மருமகளும் உட்காரவில்லை. அவளுக்கு நாற்காலி இருந்தது. அதில் நாத்தனாரின் கைப்பை இருந்தது.

"நூத்தி மூணு... புள்ளி ரெண்டு," என்று மாமனார் குனிந்து படித்தார்.

"போன வாரம் எவ்வளவு?"

"நூத்தி ரெண்டு புள்ளி எட்டு."

"ஏறியிருக்கு!" நாத்தனார் மேசையைத் தட்டினாள். "ஏழு வாரமா டயட்டு. இன்னும் இருபத்திமூணு நாள்ல மெடிக்கல். ஏறியிருக்கு!"

விஷயம் இதுதான். மருமகளின் கணவர் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர். முப்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் பத்தொன்பது வருட வேலை. ஏணிக்கும் இருக்கைக்கும் நூறு கிலோதான் கணக்கு என்று நிர்வாகம் புதிதாக விதி போட்டுவிட்டது. பரிசோதனையில் நூறைத் தாண்டினால் கூண்டு இல்லை. கீழே நின்று கொடி காட்ட வேண்டியதுதான். அப்போது அவர் நூற்று ஏழில் இருந்தார்.

டாக்டர் கொடுத்த பட்டியலில் முதலில் அடிபட்டது பீனட் பட்டர் சாண்ட்விச். அதில்தான் சிக்கல். மதியச் சாப்பாட்டுக்கு ஏணி இறங்கி ஏறினால் அரை மணி போய்விடும். ஆகவே பத்தொன்பது வருடமாக அவர் கூண்டிலேயே அதைத்தான் சாப்பிட்டு வந்தார். சிந்தாது, சூடு பண்ண வேண்டாம், நாலு மணி வரை வயிறு கேட்காது. டாக்டர் சொன்னபடி வெள்ளரிக்காயும் தக்காளியும் கொடுத்தனுப்பிய முதல் வாரம், மூன்று மணிக்கே கை நடுங்கியது என்று வந்து சொன்னார். முப்பது மீட்டர் உயரத்தில் கை நடுங்குவது விளையாட்டு இல்லை.

மருமகள் ஒரு மருந்தகத்தில் பொடிகளை எடைபோட்டுப் பொட்டலம் கட்டுகிறவள். அன்று மாலையே காகிதத்தை எடுத்து உட்கார்ந்தாள். மெல்லிய ரொட்டித் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் முப்பத்தாறு கிராம். நடுவில் பீனட் பட்டர் இருபது கிராம்; அதற்கு மேல் ஒரு பொட்டு கூடாது. அதில் மட்டும் நூற்றிருபது கலோரி. அதை ஈடுகட்ட டீயில் சர்க்கரை போயிற்று, மாலை வறுவல் போயிற்று, ராத்திரிச் சாப்பாடு காய்கறி சூப்பாக மாறியது. எல்லோரும் சாப்பிடும் மேசையில் அவர் மட்டும் சூப்பைக் குடித்துக்கொண்டு தலை குனிந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவளும் ஒரு கிண்ணம் சூப்போடு பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பாவைத் தன் கையாலேயே கட்ட வேண்டும் என்பதற்காக, மருந்தகத்தில் தேடி வந்த காலை ஷிப்ட் மேற்பார்வை வேலையையும் வேண்டாமென்று சொன்னாள். இதை வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஐந்து வாரத்தில் நாலரைக் கிலோ இறங்கியது. அப்புறம்தான் முள் முரண்டு பிடித்தது.

நாத்தனார் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்துவந்து நடுமேசையில் வைத்தாள்.

"திங்கக்கிழமை என் கண்ணெதிர்ல பிரிச்ச ஜாடி. அரைக் கிலோ! இப்ப பாருங்க, அடி தெரியுது. இருபது கிராமாம், இருபது கிராம்! மீதியை யார் தின்னது, இந்தச் சுவரா?"

பிறகு விரலைத் தம்பி பக்கம் நீட்டினாள்.

"இவனைப் பாருங்க, சட்டைப் பொத்தான் திணறுது. இவளைப் பாருங்க, ஆறு கிலோ இளைச்சு ஈர்க்குச்சியாட்டம் நிக்கிறா. டயட்டு யாருக்கு, தீனி யாருக்குன்னு உங்க வீட்ல மாறிப்போச்சா?"

மாமனாருக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது.

"அண்ணி, நான் இருபது கிராமுக்கு மேல..."

"நீ பேசாத! நீயே ஒரு தடவை என்கிட்ட சொன்னவதானே? 'அவர் மேல ஏறிட்டா, இறங்குற வரைக்கும் எனக்கு உசிர் இல்ல அண்ணி'ன்னு! எடை கூடிப்போனா கீழ நிறுத்திடுவாங்க. உனக்கு அதானே வேணும்? அதுக்குத்தானே இந்தத் தடவு தடவுற!"

மருமகள் பயந்தது உண்மை. சொன்னதும் உண்மை. கல்யாணமான புதிதில், ஒரு புயல் நாளில் சொன்ன வார்த்தை! அதை இத்தனை வருடம் பத்திரப்படுத்தி வைத்திருந்து இன்று எடுத்து நீட்டுகிறாளே...

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். மாமியார் மேசையில் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமனார் அளவுநாடாவைச் சுருட்டினார். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றார். 'அவ அப்படிப்பட்டவ இல்லக்கா' என்ற ஒரு வார்த்தை... அது வரவேயில்லை.

ஜாடி வேகமாகக் குறைவது அவளுக்கும் தெரிந்ததுதான். பெரியவர்கள் தங்கள் ரொட்டிக்குத் தடவிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். பெரியவர்கள் சாப்பிடுவதைக் கணக்குப் பார்ப்பவள் அல்ல அவள். இப்போது வாயைத் திறந்தால் அவர்களைக் காட்டிக்கொடுத்ததாகும். விழுங்கிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்துடு," என்று நாத்தனார் தம்பியிடம் தீர்ப்பு சொன்னாள். "மெடிக்கல் முடியுற வரைக்கும் என் கையால சாப்பிடு. அங்கேருந்து வேலைக்குப் போ. இதை நம்ம சொந்தக்காரங்க நாலு பேருக்கும் சொல்லத்தான் போறேன், ஒளிக்க மாட்டேன்."

அவர் "சரிக்கா" என்றார். பதினொரு மணி பஸ்ஸில் நாத்தனார் கிளம்பிப் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை, புது ஜாடி பிரித்தாயிற்று. கணவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஆறு மணிக்கே புறப்பட்டுப் போனதில் டப்பாவை மறந்துவிட்டார். வாசல் அலமாரியில், மாமனார் வழக்கம்போல் துணிப்பட்டை போட்டு இறுக்கி வைத்தபடி அது அப்படியே இருந்தது. கிடங்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மருமகள் கையில் எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றது.

நாள் முழுக்கப் பொடியை நிறுக்கிற கை அது. அவள் காலையில் கட்டிவைத்த கனம் இது இல்லை. சமையலறைக்குத் திரும்பி, பட்டையை அவிழ்த்து, சாண்ட்விச்சை மட்டும் தராசில் வைத்தாள். இருந்திருக்க வேண்டியது தொண்ணூற்றிரண்டு. தராசு நூற்று முப்பத்தாறு காட்டியது.

"அத்தை..."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். தராசைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கையிலிருந்த கீரை நழுவியது.

"ஒரே ஒரு ஸ்பூன்தாம்மா... நீ ரொட்டியை வாட்டி, சூடு ஆறட்டும்னு டப்பாவைத் திறந்து வச்சிட்டுக் குளிக்கப் போவியே, அப்ப... புள்ள முகம் வாடிப்போச்சேன்னு... ஒரு ஸ்பூன்ல என்ன ஏறிடப் போகுதுன்னு..."

"ஒரு ஸ்பூன்னா இருபது இருபத்திரெண்டுதான் வரும் அத்தை. இதுல நாப்பத்திநாலு கூட இருக்கு."

கூடத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. மாமனார் கதவோரம் வந்து நின்றார்.

"பட்டை கட்டுறதுக்கு முன்னால... நானும் ஒண்ணு வைப்பேன்மா," என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "ஏன்டி, நீயுமா?"

"நீங்களுமா! ஐயோ, நான் ஒருத்திதான்னு நினைச்சேனே!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்!"

மருமகள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. ஜாடி காலியானது ஆறு நாளில். இவர்கள் இரண்டு ஸ்பூனை வைத்தாலும் கணக்கு உதைக்கிறது.

"அண்ணியும்..?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவளும்தான். வந்த ரெண்டாம் நாள்லேருந்து. நான் பார்த்தேன்... தம்பி மேல உள்ள பாசம்னு பேசாம இருந்துட்டேன். நேத்து அவ உன்னை அந்தப் பேச்சு பேசுறப்ப... எங்க நான் போட்டதும் வெளிய வந்துடுமோன்னு வாயை மூடிக்கிட்டேன். பாவி நான்! ஆறு கிலோ இளைச்சு நிக்கிற பொண்ணைப் பேச விட்டுட்டு வேடிக்கை பார்த்தேனே!"

எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மருமகள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. இன்னும் ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

கூடுதலை வழித்தெடுத்துவிட்டு டப்பாவைக் கிடங்கு வாசலில் கொடுத்தனுப்பினாள். மாலை ஐந்தரைக்குக் கணவர் வந்தார். அவள் சூப்பை வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

எது என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே பதில் இருந்தது.

"முதல் நாளே தெரிஞ்சுது," என்றார். "நீ தடவுறது ரொட்டிக்கு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். அது... வாய்க்குள்ள ஒட்டிச்சு. அம்மாவா இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் இன்னும் தடிமனாச்சு. சொல்லணும்னு தினமும் நினைப்பேன். ஆனா மேல ஏறி உக்காந்து டப்பாவைத் திறந்தா..." தலையைக் குனிந்தார். "நல்லா இருந்துச்சு."

"அது தப்பில்ல. பசி யாருக்கும் உண்டு. நேத்து?"

"அக்கா கத்துனப்பவா? அம்மா மனசு கஷ்டப்படும்... அக்காவுக்கு அவமானமாயிடும்..."

"என் மனசு?"

அவர் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"நீ தாங்கிப்பேன்னு நினைச்சேன்."

அந்த இடத்தில்தான் அவளுக்குக் கண் நிறைந்தது. "தாங்கிப்பேன். சூப்பைக் குடிச்சுத் தாங்குனேன், உயரத்தைப் பார்த்துத் தாங்குனேன். ஆனா என் புருஷனைக் கீழ இறக்கத்தான் நான் தடவுறேன்னு ஒருத்தி சொல்றப்ப... நீங்க உங்க கால் விரலைப் பார்த்துக்கிட்டு நின்னீங்களே... அதைத் தாங்க மாட்டேங்க! நீங்க அக்கா வீட்டுக்குப் போறதுன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா திருடி மாதிரி ஒரு பேரை வச்சுட்டுப் போகாதீங்க."

"நான் போகல. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்..."

"வேண்டாம். போன்ல அவங்க பேசுவாங்க, நீங்க கேப்பீங்க. எழுதுங்க. நாலு பேருக்குச் சொல்லப் போறேன்னாங்கல்ல, நாலு பேர்கிட்டயும் படிச்சுக் காட்டுற மாதிரி எழுதுங்க."

அவர் எழுத உட்கார்ந்தார். முதல் தாளில், அவள் சொன்ன கணக்குப்படி, எடை, கிராம், ஸ்பூன் எல்லாம் சரியாக வந்தன: அம்மா ஒன்று, அப்பா ஒன்று, அக்கா நீ ஒன்று. அவள் வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு பேரு இருக்காங்க. நாலாவது ஆள் எங்க?"

அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். இம்முறை வரிகள் மெதுவாக வந்தன.

"அக்கா, இந்த வீட்டில் கணக்குத் தவறாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். நீங்கள் மூன்று பேரும் பாசத்தில் போட்டீர்கள், ஒருவர் போடுவது ஒருவருக்கு முழுதாகத் தெரியாமல். கூடிக்கொண்டே போவது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சாப்பிட்டேன். அவள் மேல் பழி விழுந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. உன் தம்பி நேற்று நின்றதைப் போல இனி எங்கும் நிற்க மாட்டான். நான் அங்கே வரவில்லை. சாண்ட்விச் தொடரும், இருபது கிராம். நூறுக்குள் வந்தால் மேலே ஏறுவேன். வராவிட்டால் கொடி பிடிப்பேன். எதுவானாலும் அதற்குக் காரணம் என் வாய்தான், அவள் கை இல்லை. நீ அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுக்கொள்ள வேண்டும்."

மாமியார் பேனாவை வாங்கி அடியில், "நானும்தான் குற்றவாளி. அம்மா," என்று எழுதினார். மாமனார் கையெழுத்து மட்டும் போட்டார். அது தைத்த மாதிரி நேராக இருந்தது.

அவள் கடைசி வரை படித்தாள். படித்து முடித்ததும் அவர் தோளில் நெற்றியை வைத்து, ஒரு நிமிடம் சத்தமில்லாமல் அழுதாள். அவர் கை அவள் தலைமேல் வந்து நின்றது. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டாள். அவர் விளிம்பை நனைத்து ஒட்டி, விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். முகவரியை அவள் எழுதினாள்.

வெளிச்சம் மங்கும் முன் இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள். கடைசித் தபால் எடுக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கடிதத்தை அவர் பெட்டியின் வாயில் பாதி நுழைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"போடுங்க," என்றாள்.

போட்டார்.