வேலை கிடைக்காத கத்திரிக்கோல்

அப்ராஸின் கத்திரிக்கோல் அவனைவிட ஒரு சாண் உயரம். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, வெள்ளித் தாள் ஒட்டி, மூன்று நாள் மினக்கெட்டுச் செய்திருந்தான். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்ஸில் கத்திரிக்கோலுக்கு இருக்க இடம் கிடைத்தது. அப்ராஸ் நின்றுகொண்டு வந்தான்.

அது வகுப்புக்குள் நுழைந்ததும் இன்ஷிரா எழுந்துவிட்டாள்.

விஞ்ஞான தின நாடகத்தை எழுதியவள் அவள்தான். ஒரு வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்பது கதை. கல்லீரலுக்குக் கேடு செய்யும் அந்தச் சின்ன வைரஸுக்குள் ஆர்.என்.ஏ. என்றோர் இழை வளையமாக இருக்கும். நம் உடம்பின் கலத்துக்குள் அதை நகலெடுக்கும்போது, வளையத்தைச் சுற்றிச் சுற்றி நகல் ஒரே நீளமாக வந்துகொண்டிருக்கும், இடியப்ப உரலில் மா இறங்குவதைப்போல. அந்த நீள இழை துண்டுகளானால்தான் ஒவ்வொரு துண்டும் புது வளையமாகும்.

துண்டாவதென்றால் யாரோ வெட்டத்தானே வேண்டும்? அப்படி நினைத்துத்தான் போன கிழமை, “அப்ராஸ், நீதான் கத்திரிக்கோல்” என்று சொன்னாள். நேற்றுப் புத்தகத்தை இன்னொரு தரம் வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த இழை தானே மடிந்து, தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. கத்திரிக்கோலுக்கு அங்கே வேலையே இல்லை.

நாடகம் இன்று பின்னேரம்.

“அப்ராஸ், ஒண்டு சொல்லவேணும். கோவிக்காத” என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“எங்கட வாப்பா இதைப் பார்க்கவெண்டு இண்டைக்குக் கடலுக்குப் போகல்ல” என்றான் அப்ராஸ்.

கத்திரிக்கோலைச் சுவரில் சாத்திவிட்டு, அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அழுதானா என்று தெரியவில்லை. கத்திரிக்கோல் அவ்வளவு பெரிது.

ஒத்திகை தொடங்கியது. பன்னிரண்டு பேர் கைகோத்து நீள இழையாக நின்றார்கள். முன்னால் டிலக்சனா.

“இப்ப மூண்டு துண்டாப் பிரியுங்க” என்றாள் இன்ஷிரா.

பாதிப் பேர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். வரிசையாக நின்று இழுப்பதென்றால் அவர்களுக்குத் தெரிந்தது கரைவலை இழுப்பதுதான். காலை ஊன்றி, எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து இழுத்தார்கள். இழை அறவில்லை. டிலக்சனாவும் வழியில் கிடந்த இரண்டு கதிரைகளும் சுவர் வரைக்கும் இழுபட்டுப் போனதுதான் மிச்சம்.

“கத்திரிக்கோல் வேணும் எண்டு இப்ப விளங்குதா?” என்று சுவரோரமிருந்து குரல் வந்தது.

மதிவதனா ரீச்சர் சிரித்தார். “கத்திரிக்கோல் வெட்டினால் அது பிழையான நாடகம். அதுக்கு நான் விட ஏலாது, இன்ஷிரா. நீர்தான் யோசியும்.”

இன்ஷிரா யோசித்தாள். யார் வெட்டுவது என்று அவளே கேட்டவள்தான். பார்க்க வருகிறவர்களும் அதைத்தானே கேட்பார்கள்?

அவள் கத்திரிக்கோலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அப்ராஸ், மேடைக்கு வா. ஆனா நீ ஒண்டையும் வெட்டப்படாது. வேலை தேடி வா.”

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அப்ராஸின் வாப்பா. மேடையில் நீள இழை நின்றது. கத்திரிக்கோல் டக் டக்கென்று நடந்து வந்தது.

“தங்கச்சி, நல்ல நீளமா நிக்கிறீங்க. வெட்டி விடவா?”

“வேணாம். நாங்களே வெட்டிக்கொள்ளுவம்” என்றாள் டிலக்சனா.

நாலாவது பிள்ளை குனிந்து மடிந்து, தன்னைப் பிடித்திருந்த கையைத் தானே மெல்ல விடுவித்தாள். முதல் நாலு பேரும் கைகோத்து வளையமானார்கள். மண்டபம் கைதட்டியது.

கத்திரிக்கோல் அடுத்த இடத்துக்கு ஓடியது. “இஞ்சயாவது ஒரு வெட்டு?”

“வேணாம்.” அங்கேயும் ஒரு பிள்ளை மடிந்தாள், கை விட்டது. இப்போது மூன்று வளையங்கள் சுற்றின. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்ராஸ் நடுமேடையில் நின்றான். அடுத்து அவன் சொன்னது நாடகத்தில் எழுதப்படாதது.

“அப்ப என்னை ஆர் இஞ்ச கூப்பிட்டது?”

திரைக்குப் பின்னாலிருந்து இன்ஷிராவின் தலை வெளியே வந்தது.

“நான்தான். எனக்கும் நேத்துத்தான் தெரியும்.”

அதற்கு எழுந்த சிரிப்பில் ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்ராஸ் கத்திரிக்கோலைத் தாழ்த்தி இன்ஷிராவுக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் கத்திரிக்கோலுக்கே இடம் கிடைத்தது. அப்ராஸும் வாப்பாவும் நின்றார்கள்.

“இவ்வளவு பெரிசு, என்னத்தை வெட்ட?” என்று நடத்துநர் கேட்டார்.

“ஒண்டையும் வெட்டாது” என்றார் வாப்பா பெருமையாக. “அந்த வைரஸுக்கு இது தேவையில்லையாம். இருங்க, சொல்றன்.”

கிண்ணியா வந்து சேரும்வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.