சிவப்புக் கல் கம்மல் யாருடையது?

அக்காவின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள். உடுப்பு தயார், செருப்பு தயார், மாப்பிள்ளைகூடத் தயார். காதுக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை.

"புது நகை கண்ணைக் கூசுது. எனக்குப் பழசுதான் வேணும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளுடைய உடுப்பு மங்கலான பச்சை. அதனால் பழைய நகை விற்கும் கடைகளாக ஏறி இறங்கினார்கள். இது நான்காவது கடை.

அக்கா, அம்மா, அத்தை ஆகியோருடன் கொசுவும் வந்திருந்தாள். கொசு என்பது பத்து வயதுத் தங்கை. காதோரம் வந்து ஓயாமல் எதையாவது கேட்பதால் அந்தப் பெயர்.

கடைக்காரர் ஒரு தட்டு நிறையக் கம்மல் கொண்டுவந்து வைத்தார்.

"இது எப்படி?" என்றாள் அக்கா.

"கிழவி மாதிரி இருக்க" என்றார் அத்தை.

"இது?"

"சின்னப் பிள்ளை மாதிரி இருக்க."

"அப்போ இது?"

"கம்மல் நல்லா இருக்கு. நீதான் நல்லா இல்ல."

அக்காவுக்குத் தலை சுற்றியது. "அம்மா, நீ போட்டுக் காட்டு. எட்ட நின்னு பாக்கறேன்."

அம்மா தன் கம்மலைக் கழற்றித் தட்டில் வைத்தார். ஏழு ஜோடி போட்டுக் காட்டினார். ஏழாவது ஜோடி முடிவதற்குள் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, கல்யாணம் யாருக்கு என்பதெல்லாம் குழம்பிப்போனது.

"இதுதான்!" என்று அக்கா தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கத்தினாள். சிவப்புக் கல், ஓரத்தில் சின்னக் கீறல்.

"பிரமாதம்!" என்றார் அத்தை. அவர் பிரமாதம் என்று சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

"யாரு போட்டிருந்தாங்களோ, நல்ல ரசனைக்காரங்க" என்றார் அம்மா.

"கப்பல் கேப்டன் வீட்டுப் பொருளும்மா" என்றார் கடைக்காரர், யோசிக்காமல்.

கொசு அந்தக் கீறலைப் பார்த்தாள். அம்மாவின் காதைப் பார்த்தாள். காது காலி!

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். சொன்னால், அத்தை இதை அடுத்த பத்துக் கல்யாணத்திலும் சொல்லிச் சிரிப்பார்.

"அம்மா, இதையும் நீயே போட்டுப் பாரேன்" என்றாள் மெதுவாக.

அம்மா கண்ணாடி முன் நின்று போட்டுக்கொண்டார். அவருடைய கை தானாகவே திருகாணியைச் சரியாகத் திருகியது. பிறகு அப்படியே நின்றது. கண்ணாடிக்குள் அம்மாவும் கொசுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாவே சிரித்துவிட்டார். "இது என்னோடதுங்க."

கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்போ எனக்கு இல்லையா?" அக்காவின் முகம் சுருங்கியது.

"இருபது வருஷமா என் காதுல தொங்கினப்ப ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல. தட்டுல வெச்சதும் அழகாயிடுச்சா?" அம்மா கம்மலைக் கழற்றி அக்காவின் காதில் மாட்டினார். "கல்யாணத்துக்குப் போட்டுக்கோ. அப்புறமும் நீயே வெச்சுக்கோ."

அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பச்சை உடுப்புக்கு அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

"எல்லாம் சரி. பொண்ணோட அம்மா வெறுங்காதோடவா நிப்பா?" என்றார் அத்தை.

தட்டு மறுபடி நடுவே வந்தது. கொசு இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள்.

"கழட்டுறதை எல்லாம் முதல்ல என்கிட்ட குடுங்க. அப்புறம் தேடுங்க."

அத்தை வளையலைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா மோதிரத்தைக் கொடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்காரரும் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.