பொழுது சாய்ந்தபின் ஒரு வாய்

அந்த அறையில் யாரோ எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் தர்மவதிக்குக் கோபம்தான் வந்தது. ஊசி போட்ட டெக்னீஷியன் செழியன் அத்தனை தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தான். "பேசக்கூடாதும்மா. அசையக்கூடாது. வாயில எதையும் போட்டு மெல்லக்கூடாது. தாடை வேலை செஞ்சா மருந்து அங்க ஏறிடும், படம் கெட்டுடும்." இந்தச் சட்டமெல்லாம் தனக்கு மட்டும்தானா என்று அவள் நீலத் திரைப் பக்கம் பார்த்தாள். திரைக்குப் பின்னால் இன்னொரு சாய்வு நாற்காலி இருப்பதை உள்ளே வரும்போதே கவனித்திருந்தாள். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. உதட்டை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஊறிப்போன எதையோ மெல்லுகிற சத்தம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் மெல்லுவது காதில் விழுமே, அவ்வளவு நெருக்கத்தில் கேட்டது.

வேங்கிக்காலில் புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டர் அது. போன வாரம் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் தர்மவதியின் இரைப்பையில் கட்டி தெரிந்தது. சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான் என்று முடிவாகிவிட்டது. இனித் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

"வயித்தோட நின்னிருந்தா ஆபரேஷன்ல எடுத்துடலாம்மா," என்று டாக்டர் கவிநிலா சொல்லியிருந்தார். "தாண்டிப் போயிருந்தா கத்தி வச்சுப் பிரயோஜனமில்ல. அதான் வைத்தியத்துக்கு முன்னாடியே இந்த ஸ்கேன். சர்க்கரை மாதிரி ஒரு மருந்து ஏத்துவோம். உடம்புல எதுக்குப் பசி ஜாஸ்தியோ, அது அதைத் தின்னும். தின்ன இடம் படத்துல பளிச்சுன்னு தெரியும்."

தின்னும் என்று டாக்டர் சொன்னது தர்மவதிக்குப் பிடிக்கவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம் அவளுடையது. இந்த ஐம்பத்தெட்டு வயது வரை பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சோறு தின்றவளில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் இல்லை, பிள்ளை பெற்ற அன்றும் இல்லை. இருட்டில் தின்றால் சோற்றோடு எந்த உயிர் உள்ளே போகிறதென்று தெரியாது என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள்.

காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. பாழாய்ப்போன பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதைகளை அடைத்துவிட்டதில், மருந்து கொண்டுவந்த வண்டி ஊருக்கு வெளியே மாட்டிக்கொண்டது. அது வந்து சேர்ந்தபோது ஜன்னலில் வெயில் இல்லை.

"நாளைக்குப் பாத்துக்கலாம்டி. பொழுது போயிடுச்சு," என்றாள் தர்மவதி.

மகள் சுருதி விடவில்லை. கலெக்டர் ஆபீஸில் நாலு பேரை வேலை வாங்குகிறவள், வயிற்றில் ஐந்து மாதம் வேறு. "மருந்து நாளைக்குத் தாங்காதாம்மா. மறுபடி எப்ப வருமோ? இதென்ன சோறா? சரி, பாவம்னே வச்சுக்க. அந்தப் பாவம் என் தலையில வரட்டும். நீ போட்டுக்க."

ஒருத்தர் வினையை இன்னொருத்தர் வாங்கிக்கொள்ள முடியாது. அது தர்மவதிக்குத் தெரியும். இருந்தும் கையை நீட்டினாள். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று அத்தனை பயம் அவளுக்கு. ஊசி ஏறியதும் செழியன் சுருதியை வெளியே அனுப்பினான். "மாசமா இருக்கீங்க. காலைல வரைக்கும் அம்மா கிட்ட போகாதீங்க. அவங்க உடம்புல மருந்தோட கதிர் வீசிட்டு இருக்கும்."

அப்புறம் அந்தக் கனத்த கதவு மூடியது. வெளியே ஊரே மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு 'அரோகரா' கூட உள்ளே வரவில்லை. ஏசியின் இரைச்சல், கழுவிவிட்ட தரையின் மருந்து நெடி, மங்கலான ஒரே விளக்கு, அதன் மஞ்சள் வெளிச்சத்தில் நீலத் திரை, திரைக்கு அப்பால் அந்தச் சத்தம். அவள் கண்ணை மூடிப் பஞ்ச மந்திரத்தை மனதுக்குள் சொன்னாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் அது மென்றது. வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் வேகமாக மென்றது. கூடவே வெல்ல வாசனை எழுந்தது. பாகு காய்ச்சும் அடுப்படி வாசனை. நேற்று மாலையிலிருந்து பட்டினி கிடந்த வயிற்றில் பசியே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விருந்து சாப்பிட்டு எழுந்தவளைப் போல வயிறு கனத்துக் கிடந்தது.

இன்னொன்றும் உறைத்தது. இத்தனை நேரம் மென்ற அந்த வாய் ஒரு தடவைகூட விழுங்கவில்லை.

எட்டித் திரையை இழுத்தாள்.

நாற்காலி காலி. புதிதாக வந்தபோது அதன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

சத்தம் நிற்கவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். சத்தம் பெரிதானது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தாடை அசையவில்லை. நாக்கு அசையவில்லை. கை தானாக வயிற்றுக்கு இறங்கியது. தோலுக்குக் கீழே. ஒரு அசைவு. இன்னொன்று. நிதானமாக.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

நடைபாதையின் கோடியில் உட்கார்ந்திருந்த சுருதி அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். "கிட்ட வராதடி!" என்று கத்த நினைத்தாள் தர்மவதி. அதற்குள் மகள் அவளைச் சேர்த்து அணைத்துவிட்டாள். வயிறும் வயிறும் ஒட்டி நின்றன. "ஒண்ணுமில்லம்மா, நான் இருக்கேன். பயப்படாத," என்று முதுகைத் தடவினாள்.

சத்தம் நின்றது. சட்டென்று. ஒரு வாய் திறந்த மாதிரி.

செழியன் ஓடிவந்து இருவரையும் பிரித்தான். "எத்தினி தடவை சொன்னேன்!" என்று சுருதியைத் திட்டினான்.

ஸ்கேன் இயந்திரத்துக்குள் தர்மவதி அசையாமல் கிடந்தாள். உள்ளே நிம்மதியான அமைதி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் பட்டினி மயக்கம், பயம், வேறொன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் கவிநிலா சிரித்த முகத்தோடு வந்தார். "முழு ரிப்போர்ட் காலைலதான். ஆனா நல்ல சேதிம்மா. வயித்தத் தாண்டி எங்கயும் தெரியல. தாடைகூடச் சுத்தமா இருக்கு, நல்லா அசையாம இருந்திருக்கீங்க." அப்புறம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கட்டிதான் நான் நெனச்சதவிட மங்கலா இருக்கு. சில கட்டி அப்படித்தான். ஏத்துன சர்க்கரையச் சரியா தின்னாது."

சுருதி தள்ளி நின்றபடியே கை கூப்பி அழுதாள். தர்மவதியும் அழுதாள். பரவவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

சுருதியின் வீடு அடுத்த தெருதான். மகள் முன்னால் நடக்க, தர்மவதி நன்றாக விலகிப் பின்னால் நடந்தாள். மலைக்கு மேல் நிலா ஏறியிருந்தது. வேகவைத்த கடலை வாசனையும் கற்பூர வாசனையும் காற்றில் கலந்து வந்தன. வீட்டில் கூடத்து சோபா அவளுக்கு, உள்ளறை மகளுக்கு. இருவருமே விடியும் வரை எதுவும் தின்னப் போவதில்லை. மகள் அறையில் விளக்கு எரிந்தது. கதவு ஒருக்களித்திருந்தது.

நீண்ட நாளைக்குப் பின் தர்மவதிக்குப் பசித்தது. நன்றாகப் பசித்தது. அந்தப் பசியை அவள் ஒரு வரம்போல அனுபவித்துக்கொண்டு படுத்திருந்தாள். வயிறு காலியாக, லேசாக, இத்தனை வருஷமும் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அப்போது வெல்ல வாசனை வந்தது.

அடுப்படியிலிருந்து இல்லை. அடுப்படி இருட்டாகக் கிடந்தது.

எழுந்து நின்றாள். சத்தம் கேட்டது. ஊறிப்போன எதையோ. அவசரமில்லாமல். தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அசைவில்லை. ஒரு அடி வைத்தாள். சத்தம் நெருங்கியது. இன்னொரு அடி வைத்தாள். மகள் அறை வாசலில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் போகக்கூடாது. உடம்பில் கதிர் இருக்கிறது.

கட்டிலில் சுருதி விழித்துத்தான் கிடந்தாள். நைட்டி மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா," என்றாள், குழந்தையை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல மெதுவாக. "பாப்பா அசையுதும்மா. இன்னிக்குத்தான் முதல் தடவை. உதைக்கலம்மா, ஏதோ மெல்லுற மாதிரி இருக்கு. நல்லாப் பசி போல என் தங்கத்துக்கு."

தர்மவதி அந்தக் கைகளையே பார்த்தாள்.

மகளின் கைக்கடியில் துணி ஏறியது. இறங்கியது. ஏறியது.

அப்புறம், அந்த மாலை முழுக்கக் கேட்காத ஒன்று கேட்டது. விழுங்குகிற சத்தம்.

சுருதியின் சிரிப்பு அப்படியே நின்றது.