கத்தி படாத கால்

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் அவளோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரமாகியிருந்தது.

கூடத்தில் அவள் மகள் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'. கால் எலும்பில் கட்டி என்று எக்ஸ்ரே படத்தில் தெரிந்த நாளிலிருந்து வாலு சத்தமே போடுவதில்லை.

"கிளம்பியாச்சா?" கணவனின் அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நானும் வர்றேன். அந்தப் பெரிய டாக்டர் என்னத்தைக் கிழிக்கிறார்னு பார்க்கணும்ல! நான் கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு பண்ணின ஆஸ்பத்திரி... சதை எடுத்துப் பார்க்க ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் போன பிள்ளையை இழுத்துட்டு வந்தவளாச்சே நீ! நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"விடுங்கண்ணா..." கணவன் முணுமுணுத்தான். அதற்கு மேல் அவனும் அவளுக்காகப் பேசவில்லை.

அவள் மகளின் செருப்பை எடுத்து வைத்தாள். அன்று அந்த வாசலில் இளம் டாக்டர் ஒருவர் தணிந்த குரலில் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "அக்கா, இந்த மாதிரி கட்டியை இங்க யாரும் பார்த்ததே இல்லை. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எலும்புப் புற்றுநோய்க்குன்னே இருக்கிற டாக்டர்கிட்ட கொண்டு போயிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க... முதலாளி உங்க வீட்டுப் பெரியவருக்கு வேண்டியவர். என் வேலை போயிடும்." அவள் தலையசைத்திருந்தாள்.

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வாலுவின் காலை வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கட்டியில யாராவது ஊசி, கத்தி ஏதாவது வெச்சாங்களா?"

"இல்லைங்க..."

"நல்லவேளை! தப்பான இடத்துல கீறியிருந்தா நோய் சுத்தியிருக்கிற சதையிலயும் இறங்கியிருக்கும். அப்புறம் காலைக் காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். இனிமே நானே சதை எடுத்துப் பார்க்கறேன். முதல்ல மருந்து. அப்புறம் கெட்டுப்போன எலும்பை எடுத்துட்டு உலோகம் வைக்கலாம். காலுக்கு நம்பிக்கை இருக்கும்மா. உயிருக்கு... மருந்துக்கு நோய் கேட்குதான்னு பார்த்துத்தான் சொல்லணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" கணவனின் அண்ணன் குரல் உடைந்திருந்தது.

அவள் தரையைப் பார்த்தாள். "பயமா இருந்துச்சு மாமா... அவ்வளவுதான்."

"நானே... என் கையாலயே பிள்ளை காலை வாங்கப் பார்த்தேனேம்மா! உன்னை என்னென்ன பேசிட்டேன்..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"பெரியப்பா, நீங்க அழுதுட்டிருந்தா என்னை யாரு தூக்குறது?" என்றாள் வாலு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் குனிந்தார். வாலு காட்டிய மாதிரியே முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து, மெல்லத் தூக்கினார்.

அவர் கைக்கு அப்பால் மகளின் பாதங்கள் ஆடிக்கொண்டு போயின. இரண்டும்.

பின்னால் நடந்தபோதுதான் அவள் அழுதாள்.