இருநூற்றுப் பதினான்காவது பக்கம்

மவுஸ் இடது பக்கம் இருந்தது.

இடது கைக்காரர் வீட்டில் அப்படித்தான் இருக்கும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் இந்த வீட்டில் இடது கைக்காரர் யாரும் கிடையாது என்று ஃபார்மட்டுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை வலது பக்கம் வைத்து, ஒயர் கையில் இடிக்காதபடி மேசைக்குப் பின்னால் இழுத்துவிட்டுப் போனவன் அவனேதான்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு, பாவம், அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட். உள்ளே சத்தம் வருகிறதா, ஃபார்மட். மானிட்டர் ஒயர் கழன்றிருந்தால்கூட அதைச் சொருகிவிட்டுக் கையோடு ஒரு ஃபார்மட் போட்டுவிட்டு வருகிறவன் என்று தெருவே கிண்டலடித்து, கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் எந்தக் கோளாறு மிச்சமிருக்கும் சொல்லுங்கள்.

அவன் மவுஸை வலது பக்கம் எடுத்து வைத்தான்.

"பிரிண்டர் தானா ஓடுது தம்பி," என்றார் டீச்சரின் கணவர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அந்த அகலமான தோள் இன்னும் குறையவில்லை. "நான் ஒண்ணும் தொடல. மத்தியானம் மூணு மணியானா ஆரம்பிச்சிடுது."

"பழைய வேலை ஏதாவது வரிசையில சிக்கிக்கிட்டிருக்கும் சார். அஞ்சு நிமிஷம்."

வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் விசில் அடித்துக்கொண்டே வந்திருப்பான். இந்த வீட்டுக்கு வரவே கூடாது என்றுதான் இருந்தான். டீச்சர் போய் ஒரு வருடம் ஆகிறது. சாவுக்குக்கூட அவன் வரவில்லை, தெரு முனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். போன வாரம் மூன்று முறை, இந்த வாரம் ஐந்து முறை அவர் கூப்பிட்டு, இனியும் சாக்குச் சொன்னால் சந்தேகம் வரும் என்று ஆன பிறகுதான் வந்திருக்கிறான்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. திரைச்சீலை வழியாக வடிந்த வெயில் அறை முழுவதும் தேநீர் நிறத்தில் கிடக்க, அலமாரியில் அடுக்கியிருந்த கணக்குப் புத்தகங்களின் பழைய வாசனையும், அதற்கு மேலே இப்போதுதான் யாரோ மூடியைத் திறந்த மாதிரி பிரிண்டர் மையின் பச்சை வாசனையும் சேர்ந்து, மூக்கின் நுனியில் நின்றுகொண்டு நகர மறுத்தன. மேலே மின்விசிறி மிக மெதுவாகச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன முனகல்.

அச்சு வரிசையைத் திறந்தான். ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அனுப்பியவர்: டீச்சர். பக்கங்கள்: 214.



அந்த எண்ணை அவன் மறக்கவில்லை. மறக்க முயன்று தோற்றிருந்தான். அன்றைக்கு டீச்சர் இந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னார்: "அந்த ஃபோல்டர மட்டும் முதல்ல எடுத்து வெச்சிடுங்க தம்பி. எங்க பொண்ணு படம், மொத்தம் இருநூத்திப் பதினாலு. வேற எங்கயும் இல்ல." எட்டு வயதில் காய்ச்சலில் போன பெண். அவன் தலையாட்டினான். நகல் எடுக்கப் போட்டான். நாற்பது நிமிடம் ஆகும் என்று காட்டியது. அன்றைக்கு அவனுடைய மகளுக்குப் பிறந்தநாள், கேக் கடை மூடிவிடும். டீச்சர் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து நகலை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று திரை கேட்டதற்கு 'ஆம்' என்று அழுத்தினான்.

திரும்பி வந்தவரிடம் கூசாமல் சொன்னான். "நீங்களே ஏற்கெனவே அழிச்சிருக்கீங்க டீச்சர். கை தவறிப் பட்டிருக்கும்."

டீச்சர் அதை நம்பிவிட்டார்.

இப்போது அந்த வேலையைத் தேர்ந்தெடுத்து நீக்கினான். போனது. மறுபடி வந்தது. அச்சுச் சேவையையே நிறுத்தி, தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்தைக் காலி செய்து, மறுபடி ஓடவிட்டான். நூற்றில் தொண்ணூற்றொன்பது வீட்டில் அதோடு கதை முடிந்துவிடும். இங்கே மறுபடியும் வந்தது. அனுப்பியவர்: டீச்சர். 214.

மவுஸைத் தேடிய கை வெறும் மேசையைத் தடவியது. அது இடது பக்கம் இருந்தது.

"சார், இத நீங்க நகர்த்துனீங்களா?"

"அது அவ பழக்கம்," என்றார் கணவர், வாசல் நிலையில் சாய்ந்தபடி. "கடைசி வரைக்கும் வலது கைய எதையும் தொடவே விடல. அந்தக் கைதானே பொண்ணு படத்த அழிச்சுதுன்னு. சோறு எடுக்கிறது, எழுதுறது, எல்லாம் இடது கைதான். அதுலயும் பாதி நாள் சாப்பிடவே மாட்டா. வலது கைய வெறுமனே மடியில வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டிருப்பா."

ஃபார்மட் பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கினான். சுவரில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டான்.

மூன்று மணி.

உள்ளே ஏதோ ஒன்று இடம் வலமாக நகர்ந்தது. சக்கரம் காகிதத்தைக் கவ்வியது. சர்... சர்... சர்... என்று, அவசரமே இல்லாமல், நனைந்த முதல் தாள் வெளியே வந்தது.

ஒரு துண்டில் சுற்றிய பச்சைக் குழந்தை. அப்படியானால் படங்கள் அழியவில்லையா? அவனுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. "சார்! கிடைச்சிடுச்சு சார்! உங்க பொண்ணு!"

அவர் எட்டிப் பார்த்தார். "இது எங்க பொண்ணு இல்ல தம்பி."

ஃபார்மட் குனிந்தான். குழந்தையைத் தாங்கியிருந்த கையில் ஒரு கடிகாரம். கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். இப்போதும் அவன் மணிக்கட்டில் இருக்கும் அதே கடிகாரம், அதே கீறல்.

போனை எடுத்தான். மகளின் படங்களை அதில்தான் வைத்திருந்தான், வேறு எங்கும் நகல் கிடையாது, ஊரார் நகலுக்கே நேரமில்லாதவன் தன் வீட்டுக்கா எடுத்து வைப்பான்? முதல் படம் பிறந்த அன்று எடுத்தது. அது இல்லை. இரண்டாவது இன்னும் இருந்தது. பிரிண்டரிலிருந்து இரண்டாவது தாள் முழுதாக வெளியே வந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில் அந்தக் கட்டம் காலியானது.

மேசையில் வைத்திருந்த முதல் தாளைத் திரும்பிப் பார்த்தான். மை காய்ந்திருந்தது. தாள் வெள்ளையாக இருந்தது. குழந்தை இல்லை, கை இல்லை, கடிகாரம் இல்லை.

மனைவியைக் கூப்பிட்டான். "பாப்பா எங்க?"

"உள்ள எழுதிட்டிருக்கா. ஏங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அவ பிறந்த அன்னைக்கு... மழை பெஞ்சுதில்ல?"

"தெரியலயே," என்றாள் மனைவி. பிறகு மெல்லச் சிரித்தாள். "பாருங்களேன், எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் வரல."

சர்... சர்... சர்...

பிரிண்டரின் காகிதத் தட்டில் பத்துத் தாள்தான் மிச்சம் என்று அவன் பார்த்துவிட்டான். பத்து போதும், அதோடு நின்றுவிடும். கடவுளே, நின்றுவிட வேண்டும். அப்போது கணவர் அலமாரியிலிருந்து புதுக் காகிதக் கட்டைப் பிரித்தார். ஓரங்களைக் கட்டை விரலால் விசிறி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, ஒழுங்காக அடுக்கினார். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான்.

"வெக்காதீங்க சார்! சார், வேணாம்!"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி." அவர் தட்டை நிரப்பினார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் கேட்டார். ஆனால் இரண்டு வருடமாக வாயில் ஊறிய பொய், அவன் யோசிப்பதற்குள் தானாக வழுக்கி வந்து விழுந்தது. "நான் ஒண்ணும் பண்ணல சார். டீச்சர்தான் கை தவறி..."

பிரிண்டர் நின்றது.

அறையில் மின்விசிறியின் முனகல் மட்டும்.

பிறகு அது வேகமெடுத்தது. அந்த மாடலில் அப்படியொரு வேகம் கிடையாது. தாள் மேல் தாள், தாள் மேல் தாள், தரையெல்லாம் ஈரத் தாள். தவழும் பாப்பா. சுவரைப் பிடித்து நிற்கும் பாப்பா. முன்பல் விழுந்த பாப்பா. ஓரத்திலிருந்து வெளுத்து, நடுவில் சுருங்கி, வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

"நான்தான்!" என்று கத்தினான். "நான்தான் சார் அழிச்சேன்! நாப்பது நிமிஷம் ஆகும்னு காட்டுச்சு, எனக்கு அவசரம், நிறுத்திட்டேன்! டீச்சர் மேல தப்பே இல்ல!"

"நாப்பது நிமிஷம்," என்றார் அவர். கோபமே இல்லாத குரல். "எங்க பொண்ணுக்கு ஒரு பல்லு விழுந்திருந்துச்சு. மேல் பல்லா கீழ் பல்லான்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. பாத்துக்கப் படமும் இல்ல."

ஃபார்மட் பாதி வந்த தாளைப் பிடித்து இழுத்தான். ஓடும்போது இழுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். துண்டிக்காமல் கையில் வைத்திருந்த போனில் மகள் அலறினாள். "அப்பா! கை வலிக்குதுப்பா! யாரோ இழுக்குறாங்கப்பா!"

விட்டுவிட்டான்.

"பாப்பா... பாப்பா, அப்பா பேசுறேன். அம்மாகிட்ட போ. அம்மாவைக் கெட்டியா பிடிச்சுக்கோ."

"அம்மா..." மகள் விசும்பினாள். "அம்மா என்னை யாருன்னு கேக்குறாங்கப்பா. எந்த வீட்டுப் பொண்ணு நீன்னு கேக்குறாங்க."

இருநூற்றுப் பதினொன்று. பன்னிரண்டு.

"அப்பா, நீங்க எப்ப வருவீங்க?"

பதின்மூன்று.

"அப்..."

போனில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் மகளின் படங்கள் இருந்த இடத்தில் 'எதுவும் இல்லை' என்று மட்டும் இருந்தது.

கடைசித் தாள் மட்டும் மெதுவாக வந்தது. முடி. நெற்றி. காலையில் அவன் கட்டிவிட்ட ரிப்பன். கண்கள். கன்னத்தில் அந்த மச்சம். அது வலது கன்னமா, இடது கன்னமா? நேற்று வரை அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. இப்போது தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

அச்சு வரிசை காலியாகியிருந்தது. பிரிண்டர் அடங்கிவிட்டது. இருநூற்றுப் பதின்மூன்று வெள்ளைத் தாள்களுக்கு நடுவே மண்டியிட்டு, இருநூற்றுப் பதினான்காவதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டான். மை இன்னும் பளபளத்தது. ஈரம் இருக்கும் வரை அவள் இருப்பாள். மூச்சுக்கூடப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. ரிப்பன் போனது. அழுதால் நனையுமே என்று தாளின் மேல் குனிந்து அழுதான். ஒரு சொட்டு விழுந்த இடத்தில் மச்சம் கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"சார்... அந்த ஃபேன மட்டும் நிறுத்துங்க சார். உங்க கால்ல விழுறேன்."

டீச்சரின் கணவர் நடந்து போகும் சத்தம் கேட்டது. சுவிட்ச் பக்கம்தான் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார்.

"வெக்கையா இருக்கில்ல தம்பி?" என்றார்.

கடக், கடக், கடக் என்று ஃபேன் வேகத்தைக் கூட்டும் திருகு கடைசி எண்ணுக்குப் போய் நின்றது. தலைக்கு மேலே காற்று கிளம்பியது. தரையில் கிடந்த வெள்ளைத் தாள்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து படபடக்க, அவன் கைக்குள்ளிருந்து இரண்டு ஈரக் கண்கள் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.