பால் காய்ச்சாத வீடு

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, காலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்ததும் இசக்கிசெல்விக்குப் பால் வாசனை அடித்தது. பொங்கி வழிந்து அடுப்பில் கருகிய பால். எந்த வீட்டிலும் காலையில் வருகிற வாசனைதான். ஆனால் இந்த வீட்டில் இதுவரை யாரும் பால் காய்ச்சியதே இல்லை.

அடுப்பைப் போய்ப் பார்த்தாள். முந்தைய நாள் துடைத்து வைத்தபடியே சுத்தமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு வாசனையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, அதற்குப் பக்கத்து வீடும் அப்படித்தான்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, காம்பவுண்டு சுவருக்குள் எண்பது வில்லாக்கள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே தேக்குக் கதவு, வாசலில் ஒரே மாதிரி தொட்டிச்செடி. வாங்கிப் போட்டவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வாடகைக்கு வந்த கொரியா மேனேஜர்கள் நாலைந்து வீடுகளில் இருந்தார்கள். மிச்ச வீடுகளில் தோட்டக்காரன் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்குகிற பெண்ணுக்கு வீடு கிடைத்தது புரோக்கர் ரங்கநாத்தின் கைங்கர்யம். அவர் நினைத்தால் புறம்போக்கு நிலத்தைக்கூடப் பங்களா என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்.

"ஸ்ரீநிவாசராகவன்னு ஓனர், அமெரிக்கால கீறாரு. பூட்டியே போட்டா வூடு பாழாப்பூடும்மா, மனுஷ மூச்சு படணும். கீழ்ப்போர்ஷன் நீ வச்சுக்க, மாடி மட்டும் பூட்டியே இருக்கட்டும். அக்ரிமென்ட் உன் பேர்லயே போட்டுத் தரேன். ஒண்ணே ஒண்ணு, பால் மட்டும் காய்ச்சிடாத. மொத பாலு ஓனருங்க கையாலதான் பொங்கணும்."

"டீ குடிக்கணும்னா என்ன செய்ய?"

"கடைல குடி."

அக்ரிமென்ட் என்ற வார்த்தைக்காகத்தான் இசக்கிசெல்வி தலையாட்டினாள். புருஷன் போன பிறகு மகள் பூமாரி நாங்குநேரியில் தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். ஏழு வயது. போனை எடுத்தால் ஒரே கேள்விதான்: "எம்மா, நம்ம வீட்டுக்கு எப்பம் போவோம்?" ஹாஸ்டலில் இசக்கிசெல்விக்கென்று ஒரு கட்டில்கூடக் கிடையாது. ஷிப்ட் மாறும்போது அதுவும் கைமாறும், எழுந்தவளின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் படுப்பாள். அங்கே எப்படிப் பிள்ளையைக் கூட்டி வருவது? இங்கே முகவரி இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அது போதும்.

ஒரு வாரம் போனது. பகலில்தான் தூக்கம். திரையில்லாத ஜன்னல்கள் வழியாக வெயில் தரையெல்லாம் பரவிக் கிடக்கும். கண் செருகுகிற நேரத்தில் மாடியில் எவர்சில்வர் தம்ளர்களை ஒவ்வொன்றாக மேடையில் வைக்கிற சத்தம் கேட்கும். பிறகு ஜமக்காளத்தை உதறி விரிக்கிற சத்தம், பட்டுப்புடவை உரசுகிற சத்தம், ஒரு விசேஷ வீட்டில் ஆட்கள் கூடி மெதுவாகப் பேசிக்கொள்கிற முணுமுணுப்பு. அவள் புரண்டு படுத்தால் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அவளுக்குப் பயத்தைவிட வேறொன்றுதான் முதலில் உறைத்தது. தன்னை அழைக்காத விசேஷத்தின் வாசலில் தட்டுக்கெட்டுப் போய் நிற்கிற கூச்சம் அது. எத்தனை வருஷமாக அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை சமையல் மேடையில் ஈர வளையங்களைப் பார்த்தாள். தம்ளர் வைத்த தடம். வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. எண்ணாமல் துணியை எடுத்துத் துடைத்தாள்.

கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி சக்திகுமார் பிள்ளைப்பாக்கத்துக்காரன். அவனிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அந்த வூடா? உனக்கு முன்னாடி மூணு பார்ட்டி இருந்தாங்கக்கா. யாரும் ரெண்டு மாசம் தாண்டல."

"ஏன்? பயந்துட்டாவளா?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. பொட்டிய தூக்கிகினு வாசல்ல நின்னு, உள்ள பார்த்து, போய்ட்டு வரோம்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. மூணு பார்ட்டியும் அப்டித்தான். உள்ள யார் கீறாங்க, யாருகிட்ட சொன்னாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அன்றைக்கு டீ பிரேக்கில் கூட வேலை செய்கிற சந்திரலேகாவிடம் பாதியைச் சொன்னாள். சந்திரலேகா பென்னலூரில் பிறந்தவள், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"பால் காய்ச்சாம எந்த வூட்லடி குடி போவாங்க? பால் பொங்குனாதான் வூடு நம்மள ஏத்துகிச்சுன்னு அர்த்தம். அதுவரிக்கும் நீ விருந்தாளிதான். அந்த புரோக்கர் கெடக்கறான், சத்தம் போடாம காய்ச்சிடு."

ஞாயிற்றுக்கிழமை பூமாரி வருகிறாள். தம்பி பேச்சிராஜ் கூட்டிக்கொண்டு வருகிறான். பிள்ளை வந்து இறங்குகிற வீடு அவளுடைய வீடாக இருக்க வேண்டும் என்று இசக்கிசெல்விக்கு வெறியே வந்துவிட்டது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் குளித்து, புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. மாடியில் சத்தமில்லை. கூடியிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பது மாதிரி ஒரு அமைதி.

பத்து நிமிஷம் ஆனது. பால் அசையவில்லை. தீயைக் கூட்டினாள். இருபது நிமிஷம். ஆவிகூட வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. கீழே நீலமாகத் தீ எரிகிறது, மேலே பால் குளிர்ந்து கிடக்கிறது. அரைமணி ஆனது. இங்கேயும் விருந்தாளிதானா?

மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள்: "எனக்கில்லாட்டிப் போவுது. எம் மவ பூமாரிக்காவது வீடா இரு. இது அவ வீடுன்னு வச்சுக்க."

சொல்லி முடிக்கவில்லை. பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்து அடுப்பில் இறங்கிச் சுர்ரென்றது. மாடியில் யாரோ குலவையிட்டார்கள். தெருவில் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், அடுப்பை அணைத்தாள்.

போன் அடித்தது. "அக்கா, கேட்டுக்கிட்ட வந்துட்டோம்."

கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பேச்சிராஜ் குனிந்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு பைகள் இருந்தன.

"புள்ள எங்கல?"

"இப்பம்தானக்கா உள்ள ஓடுனா. நீ எதுக்க வாரன்னு நெனச்சேன்."

எதிரே யாரும் வரவில்லை. கேட்டுக்கு இருந்ததே ஒரே பாதைதான். திரும்பி ஓடினாள். இரண்டு பக்கமும் வெள்ளை வீடுகள், பூட்டிய கதவுகள். "பூமாரி." ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தாள். வீட்டு நம்பரை அவள் பிள்ளையிடம் சொன்னதே இல்லை. பேச்சிராஜுக்கும் தெரியாது. எண்பது வீடு. எல்லாம் ஒன்றுபோல இருக்கிற எண்பது வீடு.

பிள்ளையின் செருப்பு கிடந்தது. அவள் வீட்டு வாசலில், ஜோடி சேர்த்து, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

சாவி இவள் கையில் இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது.

பால் வாசனை. சந்தன வாசனை. நிறையப் பேர் நிற்கிற இடத்தின் வெக்கை. கூடத்தில் ஒருவருமில்லை. ஜமக்காளம் விரித்திருந்தது. அதன் விளிம்பில் வரிசையாகத் தம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஆவி பறந்தது.

"பூமாரி, அம்மா வந்துருக்கேன் பாரு."

சமையலறையிலிருந்து பிள்ளை வந்தது. ஓடி வரவில்லை. நிதானமாக, கொலுசு சத்தமில்லாமல் நடந்து வந்தது. மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் ஒரு தம்ளரைப் பிடித்திருந்தது. தம்ளரில் பால் கொதித்துக்கொண்டிருந்தது, அடுப்பில் கொதிக்கிற மாதிரியே. பிஞ்சு விரல்கள் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தன. சுடுகிறதாகவே தெரியவில்லை.

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று பூமாரி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். விசேஷத்துக்கு வந்த தெரியாத முகங்களைப் பார்த்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"வாங்க," என்றாள். "உள்ள வாங்க. பால் சாப்பிட்டுட்டுப் போங்க."

அவளுக்குப் பின்னால், காலியான கூடத்தில், நிறையப் பேர் நகர்ந்து வழிவிடுகிற சத்தம் கேட்டது. தம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. இவள் குடித்துவிட்டுக் கிளம்புவதற்காகப் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.